ஒரு கோல் தூரம்!

ஒரு சின்னக் கேள்வி பாஸ். நீங்க எப்பவாவது கடைசி நிமிஷத்துல தோத்திருக்கீங்களா?

அஞ்சுக்கு சைபர்னு தோத்தா பிரச்னையே இல்லை. ‘அவனுங்க ரேஞ்சே வேறடா’னு சொல்லிட்டு பரோட்டா சாப்பிடப் போயிடலாம். ஆனா ரெண்டுக்கு ஒண்ணு? அதுவும் ரெஃப்ரி வாட்ச்சைப் பார்க்க ஆரம்பிச்ச பிறகு? அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில படுத்தா, ஆகாயத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் கோல்போஸ்ட் மாதிரியே தெரியும்.

அப்படி ஒரு ராத்திரியைக் கழிச்சுட்டு வந்த ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமோட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில புதுச்சேரி கருவடிக்குப்பத்தைச் சுத்தினேன். ‘காலேஜ் பேரைப் போட்டுடாதீங்கணா, ஏற்கெனவே கேன்டீன்ல ஓட்டறானுங்க’ என்று கேப்டன் கெஞ்சியதால் பெயர் கட். மற்றதெல்லாம் அப்படியே. வாங்க, உங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

கருவாடு கிடைக்காது!

பாண்டி என்றதும் உங்களுக்கு பீச், பிரெஞ்சுத் தெரு, மஞ்சள் சுவர் முன்னாடி போட்டோ... இதெல்லாம்தானே ஞாபகம் வருது? கருவடிக்குப்பம் அந்த லிஸ்ட்லயே வராது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிங்க. ராஜீவ் காந்தி சிக்னல், கொக்கு பார்க் எல்லாம் தாண்டினால் சிவாஜி சிலை. டவுன் பஸ்ஸோ, ஷேர் ஆட்டோவோ, அங்கே இறங்கிக்கலாம். பேரைக் கேட்டுட்டு ‘நல்ல கருவாடு எங்கே கிடைக்கும்’னு யாரையும் கேட்காதீங்க. முறைப்பாங்க. நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

பக்கத்திலேயே லாஸ்பேட்டை. தாகூர் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், விமான நிலையம் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஹெலிபேட் மைதானமும் அங்கேதான். விடிஞ்சா போதும், வாக்கிங் போற அப்பாக்கள் ஒரு பக்கம், டென்னிஸ் பால் கிரிக்கெட் ஒரு பக்கம், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகற பசங்க ஒரு பக்கம். பந்து உங்க கால்ல வந்து விழுந்தா திருப்பி உதைக்கணும், அதான் அங்கே நுழைவுக் கட்டணம்.

நம்ம டீம் ஒரு மர நிழல்ல உட்கார்ந்திருந்தது. பந்து பையிலேயே இருந்தது.

மேட்டர் இதுதான். முந்தின நாள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் காலிறுதி. முதல் பாதியில் எதிரணி ஒரு கோல். ரெண்டாவது பாதியில் நம்ம பசங்க ஒண்ணு அடிச்சு சமன். அப்புறம் ஒரு பெனால்டி கிடைச்சது. ஏழாம் நம்பர் ஜெர்சி அடிச்சார். பந்து கம்பத்துக்கு மேலே போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது எதிரணி ரெண்டாவது கோல். கதை முடிஞ்சது.

‘ஏழு’ பி.ஜி. ஃபைனல் இயர். இதுதான் அவருக்குக் கடைசி டோர்னமென்ட். “நாளையிலேர்ந்து நான் பிராக்டீஸுக்கு வரலைணா” என்றார் என்கிட்ட. வேற யார்கிட்டயும் அவர் பேசவே இல்லை.

‘தோல்விதான் வெற்றிக்கு முதல் படி’னு சொல்லலாம்தான். பஸ் கண்டக்டர் ‘உள்ளே போ உள்ளே போ’னு சொல்றது மாதிரி அதுவும் காதுலயே ஏறாது. அதனால, ‘சரி, எழுந்திருங்க, கொஞ்சம் நடக்கலாம்’ என்று கிளப்பிவிட்டேன்.

குயில் கூவின இடம்

கருவடிக்குப்பத்தின் அடையாளம் சித்தானந்த சுவாமிகள் கோயில். சித்தரின் ஜீவசமாதி. காலை நேரத்தில் உள்ளே போனா சத்தமே இருக்காது. டீமே வரிசையா உட்கார்ந்து கண்ணை மூடிக்கிச்சு. (ஒருத்தர் நிஜமாவே தூங்கிட்டார். கோல்கீப்பர்தான். முந்தின நாள் அவர் பாய்ஞ்ச பாய்ச்சலுக்கு அது தப்பே இல்லை.)

கோயிலுக்குப் பக்கத்தில்தான் குயில் தோப்பு. 1908-ல் பிரிட்டிஷ் போலீஸிடம் சிக்காமல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார், பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவிலிருந்து கிளம்பி இங்கே இருந்த மாந்தோப்புக்கு வந்து உட்காருவாராம். ‘குயில் பாட்டு’ பிறந்த இடம் இதுதான் என்பார்கள் ஊர்க்காரர்கள். இன்னிக்கு சுத்திலும் வீடுகள். மாந்தோப்பை நீங்கதான் மனசுக்குள்ளே நட்டுக்கணும். குழந்தைகள் சாயங்காலம் பூரா விளையாடணும்னு சொன்ன மனுஷர் அவர். அந்தப் ‘பாப்பா பாட்டு’ வந்ததும் அவர் புதுச்சேரியில் இருந்த நாட்களில்தான், 1915-ல்.

“பாரதி ஏன்ணா இங்க வந்து ஒளிஞ்சாரு?” என்றார் ஃபர்ஸ்ட் இயர் டிஃபெண்டர்.

“ஏன்னா இது அப்போ பிரான்ஸ்!” என்றார் கேப்டன்.

எனக்கு வேணும்கிற பாஸ் அதுதான். அங்கேயே உட்காரவெச்சு ஒரு மேட்ச் கதை சொன்னேன். நீங்களும் கேளுங்க.

இந்தியா எதிர் பிரான்ஸ், 1948

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்ஸ். இல்ஃபோர்டு என்கிற பகுதியில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். நமக்கு சுதந்திரம் கிடைச்சு ஒரு வருஷம்கூட முடியலை. சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடும் முதல் ஆட்டம். எதிரணி பிரான்ஸ்!

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு நாங்க உட்கார்ந்திருந்த இந்த மண்ணில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. புதுச்சேரி கைமாறினது 1954 நவம்பர் 1-ல்தான். சட்டப்படி முழுசா இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்படின்னா 1948-ல் ஒரு கருவடிக்குப்பத்துக்காரர் எந்த டீமுக்குக் கைதட்டியிருப்பார்?

“இந்தியாவுக்குத்தான்!” என்று கத்தினார் கோல்கீப்பர். தூக்கம் கலைஞ்சிருந்தது.

நம்ம கேப்டன் பேர் டாலிமெரன் ஆவோ. இன்றைய நாகாலாந்துக்காரர். கொல்கத்தாவில் டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்தவர். 1950-ல்தான் எம்.பி.பி.எஸ். முடிச்சார். ஆமாங்க, உங்களை மாதிரியே ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்தான் இந்தியாவுக்குக் கேப்டன்! டீமில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸ்காரர்கள் பூட்ஸ். ‘ஏன் பூட்ஸ் போடலை?’னு பத்திரிகைக்காரங்க கேட்டதுக்கு, ‘நாங்க ஆடுறது ஃபுட்பால், நீங்க ஆடுறது பூட்பால்’ என்று ஆவோ பதில் சொன்னதாக இன்னிக்கும் ஒரு கதை உண்டு.

30-வது நிமிஷம், பிரான்ஸ் ஒரு கோல். 70-வது நிமிஷம், சாரங்கபாணி ராமன் திருப்பி அடிச்சார். 1-1. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அது. பேரைப் பார்த்தீங்களா? நம்ம தெருவில் கூப்பிட்டா நாலு பேர் திரும்பற பேர். 89-வது நிமிஷம், பிரான்ஸின் பெர்சிலோன் ரெண்டாவது கோலைப் போட்டார். 2-1. அப்போ நாக்-அவுட் முறை. ஒரே மேட்ச்சில் நம்ம ஒலிம்பிக் முடிஞ்சது.

இனிமேதான் விஷயமே. அந்த மேட்ச்சில் இந்தியாவுக்குப் பெனால்டி கிடைச்சது. ஒண்ணு இல்லை, ரெண்டு. ரெண்டுமே வீண்!

‘ஏழு’ முதல்முறையா நிமிர்ந்து பார்த்தார். “யார்ணா அடிச்சது?”

ஒருத்தர் மஹாபீர் பிரசாத். இன்னொருத்தர் சைலன் மன்னா. மன்னாவுக்கு அப்போ 23 வயசு. கிட்டத்தட்ட பி.ஜி. ஃபைனல் இயர் வயசு.

அப்புறம் மன்னா என்ன ஆனார்?

ஊருக்குத் திரும்பினார். தொடர்ந்து ஆடினார். மூணு வருஷம் கழிச்சு, 1951 மார்ச்சில், டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் இரானை 1-0 என்று ஜெயிச்சு இந்தியா தங்கம் வாங்கினது. கோல் போட்டவர் மேவாலால். கப்பை வாங்கின கேப்டன் யாருனு நினைக்கறீங்க?

சைலன் மன்னா! லண்டனில் பெனால்டியை விட்ட அதே மன்னா. 1971-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தாங்க.

பெனால்டியை விட்டவர்னு அவரை ஒதுக்கிவெச்சிருந்தா? அவரே ‘நாளையிலேர்ந்து பிராக்டீஸுக்கு வரலை’னு வீட்டில் உட்கார்ந்திருந்தா?

இது பழைய கதைனு சொல்லாதீங்க. 2016 கோபா அமெரிக்கா ஃபைனலில் மெஸ்ஸி பெனால்டியை வானத்துக்கு அடிச்சார். தோத்ததும் ‘நாட்டுக்காக ஆடினது போதும்’னு அறிவிச்சே விட்டார். அப்புறம் மனசை மாத்திக்கிட்டு வந்தார். 2021-ல் கோபா, 2022-ல் உலகக் கோப்பை. அந்த 2022 ஃபைனலில் 3-3-க்கு அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோத்தது யார்? நம்ம பாண்டிக்காரங்களுக்குப் பழக்கமான அதே பிரான்ஸ்!

ஒரு எச்சரிக்கை மணி

இங்கே கட்டுரையை முடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். டீமில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்துடுச்சு. ‘அப்ப நாமளும் நல்லாத்தான்டா ஆடினோம்’ என்று ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்ட ஆரம்பிச்சாங்க. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

ஏன்னா, 1948 கதைக்கு இன்னொரு பாதி இருக்கு.

லண்டனில் வெறுங்காலோட ஆடி பிரான்ஸைத் திணறடிச்சதும் எல்லாரும் பாராட்டினாங்க. பெருமை பெருமையா வந்தது. தப்பில்லை. ஆனா அந்தப் பெருமையில் ‘நமக்கு எதுக்குப் பூட்ஸ்’னு விட்டுட்டாங்க. 1951-ல் தங்கமும் வந்தாச்சு. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். குளிரும் நாடு. பலர் அப்பவும் வெறுங்கால்தான். எதிரணி யுகோஸ்லாவியா. ஸ்கோர் என்ன தெரியுமா? 10-1. நமக்கு ஒண்ணு!

அதுக்கப்புறம்தான் இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கினது. நாலே வருஷம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடிச்சு, அரையிறுதிக்குப் போய், நாலாவது இடம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர்தான்.

புரியுதுல்ல? ஒரு கோலில் தோக்கும்போது கையில் ரெண்டு பொருள் கிடைக்கும். ஒண்ணு நம்பிக்கை. இன்னொண்ணு சமாதானம். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ‘இன்னும் ஒரு கோல் தூரம்தான், அதை எப்படிக் கடக்கறது?’னு கேட்டா அது நம்பிக்கை. ‘ஒரு கோல்தானே, நாம நல்லாத்தான் ஆடினோம், ரெஃப்ரி சரியில்லை’னு சொன்னா அது சமாதானம். முதல் பொருளை எடுத்துக்கிட்டு ரெண்டாவதை மைதானத்திலேயே போட்டுட்டு வந்துடணும்.

அஞ்சு கோலில் தோத்தவனுக்கு எங்கேயிருந்து திருத்த ஆரம்பிக்கறதுனே தெரியாது. ஒரு கோலில் தோத்தவனுக்கு லிஸ்ட் சின்னது. நம்ம பசங்களையே ஒரு பிட் நோட்டீஸுக்குப் பின்னாடி எழுதச் சொன்னேன். மூணே மூணு வரிதான் வந்தது. பெனால்டி யார் அடிக்கறதுனு முன்னாடியே முடிவு பண்ணலை. கடைசிப் பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கிடுச்சு. ரெண்டாவது கோல் விழுந்தப்போ லெஃப்ட் பேக் முன்னாடியே நின்னுட்டார். ‘அதிர்ஷ்டம் இல்லை’னு எழுதப் போனவரைக் கேப்டனே தடுத்துட்டார்.

மூணுமே பிராக்டீஸில் சரியாகிற விஷயம். கோலுக்கும் பெனால்டி புள்ளிக்கும் பதினோரு மீட்டர். ஹெலிபேட் மைதானத்தில் ரெண்டு செருப்பைப் போட்டுக்கூட அளந்துக்கலாம்.

ஒரு வாத்தியாரின் நினைவிடம்

எல்லாரும் உற்சாகமானாலும் ‘ஏழு’ மட்டும் ஒட்டாமலே வந்தார். மெதுவா என் பக்கத்தில் வந்து, “மன்னாவுக்கு மூணு வருஷம் இருந்துச்சுணா. எனக்கு நாலு மாசத்துல கோர்ஸே முடியுது. எனக்கு எங்கே இருக்கு அடுத்த சான்ஸ்?” என்றார்.

நியாயமான கேள்வி. எனக்குச் சட்டுனு பதில் வரலை. நடந்துக்கிட்டே இருந்தோம். கருவடிக்குப்பம் சுடுகாட்டுப் பக்கம் வந்தாச்சு. ‘இங்கே எதுக்குணா?’னு பசங்க மிரண்டாங்க. அங்கேதான் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கு.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர்னு சொல்ற சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். சின்னப் பசங்களைச் சேர்த்து, பாட்டும் வசனமும் நடிப்பும் சொல்லிக்கொடுத்து நாடகம் போட்டவர். 1918-ல் மதுரையில் அவர் ஆரம்பிச்ச பாய்ஸ் கம்பெனியில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் குழந்தைகளாகப் போய்ச் சேர்ந்தாங்க. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சே போயிடுச்சு. ஆயிரக்கணக்கான பாட்டும் வசனமும் எழுதினவருக்கு ஒரு வார்த்தை பேச முடியலை. 1922 நவம்பர் 13-ல் இந்தப் புதுச்சேரியிலேயே காலமானார். இங்கே அடக்கம் பண்ணினாங்க. இன்னிக்கும் நாடகக் கலைஞர்கள் அவர் நினைவு நாளில் வந்து மாலை போட்டுட்டுப் போறாங்க.

அவருக்குப் பேச்சு போனதோட அந்த வசனம் நின்னுபோச்சா? இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த பசங்க பேசினாங்க. டி.கே.ஷண்முகம் ஊர் ஊரா மேடையேறினார். அந்தப் பசங்க வாயில் வாத்தியார் பேசிக்கிட்டே இருந்தார்.

‘ஏழு’ கல்வெட்டைப் படிச்சுக்கிட்டு நின்னார். நான் ஒண்ணும் விளக்கலை. ஃபர்ஸ்ட் இயர் டிஃபெண்டர்தான் பேசினார். “ணா, நீங்க பெனால்டி அடிக்கறப்ப ஓடிவர்ற ஸ்டைலைப் பார்த்துத்தான் நான் டீம்லயே சேர்ந்தேன்” என்றார்.

“மேல அடிச்சதையும் பார்த்த இல்ல?” என்றார் ‘ஏழு’.

“பார்த்தேன். கடைசியா காலைப் போடறப்ப உடம்பு பின்னாடி சாயுது உங்களுக்கு.”

ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் சிரிச்சது முதலில் ‘ஏழு’தான். சுடுகாட்டு வாசல்னுகூடப் பார்க்காமல் மொத்த டீமும் சிரிச்சது.

இ.சி.ஆர். டீக்கடை ஸ்கோர்போர்டு

சிவாஜி சிலைப் பக்கம் ஒரு டீக்கடை. டீ, பருப்பு வடை. பேச்சு மறுபடி 1948-க்கே வந்தது. ‘அப்புறம் பிரான்ஸை நாம அடிச்சோமா இல்லையாணா?’ என்பதுதான் கோல்கீப்பரின் கவலை. நீங்களும் கேட்பீங்கனு தெரியும். இதோ:

1948 லண்டன்: இந்தியா 1, பிரான்ஸ் 2. நம்மை ஜெயிச்ச பிரான்ஸ், அடுத்த ஆட்டத்திலேயே பிரிட்டனிடம் 0-1 என்று தோத்து வெளியே போனது. ஒரு கோல் தூரம் யாரையும் விடறதில்லை!

1960 ரோம் ஒலிம்பிக்ஸ்: இந்தியா 1, பிரான்ஸ் 1. கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலை. 82-வது நிமிஷத்தில் பிரான்ஸ் சமன் பண்ணினது. அந்த ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடமும் 1-2 என்று ஒரே கோலில்தான் தோத்தோம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: முதல் மேட்ச்சில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. செப்டம்பர் 4, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என்று அடிச்சு தங்கம்! இந்த டீமை உருவாக்கின கோச் சையத் அப்துல் ரஹீமின் கதைதான் 2024-ல் ‘மைதான்’ என்று சினிமாவா வந்தது.

தேதியைக் கவனிச்சீங்களா? 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியா. பத்தொன்பதே நாளில் தங்கம். கருவடிக்குப்பத்துக்காரர் எந்தக் குழப்பமும் இல்லாமல் கைதட்டின முதல் கோப்பை அதுவாத்தான் இருக்கும்!

பில் வந்தது. பதினஞ்சு டீ, பதினெட்டு வடை. காசு கொடுத்தது நான்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

நீங்க ஃபுட்பால் ஆடாதவரா இருக்கலாம். ரெண்டு மார்க்கில் அரியர் வெச்சவரா இருக்கலாம். கடைசி ரவுண்டு இன்டர்வியூவில் வெளியே வந்தவரா இருக்கலாம். அடுத்த முறை பாண்டி போனா பீச்சோட திரும்பிடாதீங்க. கருவடிக்குப்பத்துக்கு ஒரு எட்டு போங்க. சித்தர் கோயிலில் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. குயில் கூவுதானு பாருங்க. டீக்கடையில் ஒரு பேப்பரை வாங்கி உங்க மூணு வரியை எழுதுங்க. ‘அதிர்ஷ்டம்’ என்கிற வார்த்தை மட்டும் அதில் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கேப்டனிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது.

‘செவன் வந்துட்டாப்ல. லேட்டாத்தான் வந்தாப்ல. ஆனா பந்து அவர்தான் கொண்டுவந்தாப்ல.’